பியூஃபர்ட்டுக்கு ஒரு பேருந்து: தென்மாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவினருக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் பேருந்துச் சுற்றுலாக்களில் நானும் என் குடும்பத்தாரும் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டிருக்கிறோம். வார இறுதியில் விடியற்காலை எழுந்து நூறு பேருக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டும் தன்னார்வலர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் போகும் இடங்கள் மாறுவதே இல்லை. ஒன்று மலை, அல்லது ஹில்டன் ஹெட் கடற்கரை, அல்லது சார்ல்ஸ்டன் நகரக் கடைவீதி, அல்லது ஏதாவதொரு பழைய பண்ணை மாளிகை. அடுத்த சுற்றுலாவுக்கான இடத்தை நீங்கள் முடிவு செய்வதற்கு முன், தென் கரோலினாவின் கடலோரத்தில் உள்ள பியூஃபர்ட் என்னும் சிறிய ஊரைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அவ்வூரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

பண்ணை மாளிகையிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கச் சுற்றுலாவில் நாங்கள் அப்படியொரு மாளிகைக்குப் போயிருந்தோம். வழிகாட்டிய அம்மையார் உணவு மேசையின் மரம் எங்கிருந்து வந்தது, திரைச்சீலையின் துணி எந்த நாட்டில் நெய்யப்பட்டது, எந்தக் கூடத்தில் நடனம் நடந்தது என்றெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினார். எங்களுடன் வந்திருந்த தமிழ்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, இவ்வளவு பேருக்கும் சமைத்தது யார் என்று கேட்டாள். "வேலையாட்கள்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டோம். திரும்பும் வழியில் பேருந்தில் அந்தாக்ஷரி நடந்தது. அந்த மாளிகையின் படி முன்னால் நாங்கள் எடுத்துக்கொண்ட குழுப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதை யாருக்கும் காட்டியதில்லை.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இம்மாநிலங்களின் பருத்தி, நெல் பண்ணைகளைத் தமிழில் குறிப்பிடும்போது நாம் எளிதாகத் "தோட்டம்" என்று எழுதிவிடுகிறோம். இலங்கை மலையகத்திலும் மலேசியாவிலும் வேர் உள்ளவர்களுக்கு அச்சொல்லின் கனம் தெரியும். ஆனால் அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால் பூவும் தக்காளியும் இருக்கிற இடம். பண்ணை என்று சொல்லுங்கள். அச்சொல்லுக்குள் பண்ணையாள் என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது.

இனி ஊருக்கு வருகிறேன். எழுத்தைப் பார்த்து "போஃபோர்ட்" என்று படித்தால் வட கரோலினாவில் அதே பெயரில் உள்ள வேறோர் ஊரைச் சொல்வதாகிவிடும். தென் கரோலினா ஊருக்கு உள்ளூர் உச்சரிப்பு பியூஃபர்ட் என்பதே. சவானாவிலிருந்து ஒரு மணி நேரம், சார்ல்ஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 13,600. நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. 1711இல் நிறுவப்பட்டது, சார்ல்ஸ்டனுக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் இரண்டாவது பழைய ஊர்.

முதல் பார்வையில் ஊர் மயக்கிவிடும், அதை மறைப்பானேன்? ஆறும் கடலும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாத உப்பங்கழி. வேளைக்கு ஏற்ப நீர் ஏறும், வடியும். வடிந்த நேரத்தில் சேற்றின் மணமும் சிப்பிகளின் மணமும் கலந்து வரும். பிச்சாவரம் போயிருப்பவர்கள் அந்த மணத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தெருக்களின் மேல் கிளைகளை வளைத்து நிற்கும் இலையுதிராத ஓக் மரங்களிலிருந்து ஸ்பானிஷ் பாசி எனப்படும் சாம்பல் நிறச் சடை தொங்குகிறது. பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி அன்று. அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை உறிஞ்சாமல் காற்றின் ஈரத்தில் வாழ்வது. மரங்களுக்குப் பின்னால் அகன்ற தாழ்வாரங்களோடு, காற்று வரும் திசை பார்த்துக் கட்டப்பட்ட வெள்ளை வீடுகள். சில பழைய சுவர்களும் அடித்தளங்களும் "டாபி" என்னும் கலவையால் ஆனவை. சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதனுடன் மணலும் நீரும் உடையாத சிப்பிகளும் சேர்த்துப் பலகைகளுக்கு இடையே இடித்து இறுக்குவார்கள். என் தாயார் அச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிளிஞ்சல் காளவாய் இங்கேயும் இருந்திருக்கு" என்றார். இருந்திருக்கிறது. அந்தச் சூளையில் நின்றவர்கள் யார் என்பதுதான் இந்த ஊரின் வரலாறு.

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பியூஃபர்ட் மாவட்டத்தில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அடிமைகள். அவுரியும் நெல்லும் தீவுப் பருத்தியும் அவர்களது கைகளால் விளைந்தன. நீண்ட இழை கொண்ட அந்தத் தீவுப் பருத்தி உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போனது. வெள்ளை வீடுகளை எழுப்பியது அந்த விலைதான். அவுரியின் கதையில் நமக்கும் ஓர் ஓரம் உண்டு. அமெரிக்கா விடுதலை பெற்றுக் கரோலினாவின் அவுரி பிரிட்டிஷாரின் கையை விட்டுப் போனபின், அவர்கள் அந்தச் சாயத்துக்காக இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள்.

அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் (தென்புலம்) பிரிந்துபோனதால் அமெரிக்க ஒன்றிய அரசோடு (வடபுலம்) உள்நாட்டுப் போர் மூண்டது. 1861 நவம்பர் 7 அன்று வடபுலக் கடற்படை போர்ட் ராயல் நீர்ப்பரப்புக்குள் நுழைந்து, இருபுறமும் இருந்த கோட்டைகளைச் சில மணி நேரத்தில் அடக்கியது. தீவுகளில் வாழ்ந்த கறுப்பின மக்கள் அந்த நாளைப் "பெரிய துப்பாக்கி வெடித்த நாள்" என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். பண்ணை முதலாளிகள் உணவு மேசையையும் திரைச்சீலையையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். தம்முடன் வரச் சொல்லி மிரட்டியும், ஏறத்தாழப் பத்தாயிரம் அடிமைகள் போக மறுத்து அங்கேயே நின்றுவிட்டார்கள். இன்று நாம் வியந்து படம் எடுக்கும் வீடுகள் பிழைத்ததற்கும் இந்த நாளே காரணம். போர் முடியும் வரை ஊர் வடபுலப் படையின் கையிலேயே இருந்ததால், உள்நாட்டின் பல ஊர்களுக்கு நேர்ந்தது போல இது எரிக்கப்படவில்லை. பெரிய வீடுகள் மருத்துவமனைகளாகவும் படை அலுவலகங்களாகவும் மாறின. தென்புலத் துறைமுகங்கள் முற்றுகையில் அடைபட்டதும் இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்து, நம் கரிசல் காட்டுப் பருத்திக்கும் விலை ஏறியதை இங்கே நினைவுகூரலாம்.

இந்த ஊரில் பிள்ளைகளை நிறுத்திக் கதை சொல்ல வேண்டிய முதல் இடம் பிரின்ஸ் தெருவில் உள்ள 511ஆம் எண் வீடு. நாங்கள் சென்றபோது உள்ளே போக முடியவில்லை, தெருவில் நின்றுதான் பார்த்தோம். அதுவே போதும். 1839இல் அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தார். பிள்ளைப் பருவம் கடந்ததும் முதலாளி அவரைச் சார்ல்ஸ்டனில் கூலிக்கு விட்டார். கூலி முதலாளிக்குப் போனது. துறைமுகத்தில் வேலை செய்து, படகோட்டக் கற்று, போர் தொடங்கியபோது தென்புலப் படையின் பிளான்ட்டர் என்னும் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்பர் ஒருவரை மாலுமி வழிகாட்டி என்று அழைக்கத் தென்புலத்துச் சட்டமும் வழக்கமும் இடம் தரவில்லை. வேலை மட்டும் அதுவே.

1862 மே 13 அதிகாலையில், வெள்ளை அதிகாரிகள் இரவு தங்குவதற்குக் கரையேறிவிட்டிருந்த நேரத்தில், ஸ்மால்ஸும் அடிமை மாலுமிகளும் கப்பலை எடுத்தார்கள். வழியில் ஓரிடத்தில் காத்திருந்த தம் மனைவி ஹன்னாவையும் இரு சிறு குழந்தைகளையும் மற்றவர்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஸ்மால்ஸ் கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவரைப் போலவே கைகளைக் கட்டி நின்று, சம்டர் கோட்டையைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய ஊதல் அடையாளத்தைப் பிசகாமல் கொடுத்தார். கோட்டைக் காவலர்கள் போக விட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் தென்புலக் கொடியை இறக்கி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, முற்றுகையிட்டிருந்த வடபுலக் கப்பலிடம் சரணடைந்தார்கள். அன்று அவருக்கு வயது இருபத்துமூன்று.

இதற்குப் பிந்தைய பகுதி இன்னும் சுவையானது. நம்மவர்களுக்கு, அதாவது பத்திரம், பட்டா, வழக்கு என்றால் நிமிர்ந்து உட்காரும் நமக்கு, தனியாகவே பிடிக்கும். ஓடிப்போன முதலாளிகள் வடபுல அரசுக்குச் செலுத்த வேண்டிய நேரடி வரி கட்டப்படாமல் கிடந்ததால், அவர்களது நிலங்களும் வீடுகளும் ஏலத்துக்கு வந்தன. தாம் பிறந்த வீட்டை, எந்த வீட்டின் பின்கட்டில் பிறந்தாரோ அந்த வீட்டையே, ஸ்மால்ஸ் ஏலத்தில் வாங்கினார். போர் முடிந்தபின் பழைய உரிமையாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878இல் ஸ்மால்ஸுக்கே வீடு என்று தீர்ப்பானது. மூப்பால் நினைவு தடுமாறிய பழைய எசமானியம்மாள் ஒருநாள் அதைத் தம் வீடென்றே எண்ணித் திரும்பி வந்ததாகவும், ஸ்மால்ஸ் அவரை உள்ளே சேர்த்துக் கடைசி வரை பராமரித்ததாகவும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதை என்று சொல்லியே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அவர் 1868இல் மாநிலத்தின் புதிய அரசமைப்பை எழுதிய அவையில் உறுப்பினராக இருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வி வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் நாடாளுமன்றத்துக்கு ஐந்து முறை சென்றார். 1895இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே கூட்டப்பட்ட அரசமைப்பு அவையிலும், விரல்விட்டு எண்ணத்தக்க கறுப்பின உறுப்பினர்களில் ஒருவராக எழுந்து நின்று எதிர்த்தார். என் இனத்தவருக்குத் தனிச் சலுகை எதுவும் வேண்டாம், வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு ஒன்றே போதும் என்பது அங்கே அவர் பேசியதன் சாரம். அவை அவருக்கு எதிராக முடிவெடுத்தது. 1915இல் தாம் வாங்கிய அந்த வீட்டிலேயே காலமானார். டாபர்னக்கிள் பாப்டிஸ்ட் தேவாலய வளாகத்தில் அவரது கல்லறையும் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. அதே வளாகத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் சிலையும் 2024இல் எழுந்திருக்கிறது. 1863 ஜூன் மாதத் தொடக்கத்தில் கம்பாஹி ஆற்றில் படைப்படகுகளோடு சென்று எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை ஒரே இரவில் மீட்டு வந்த அவர், இந்த ஊரில் இருந்துதான் புறப்பட்டார்.

ஊரிலிருந்து பாலம் கடந்தால் செயின்ட் ஹெலினா தீவு. உங்கள் பேருந்து ஓரிடத்தில் மட்டுமே நிற்கும் என்றால், அது இங்கே உள்ள பென் மையத்தில் நிற்கட்டும். 1862இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பென்சில்வேனியாவிலிருந்து வந்த லாரா டவுன் என்னும் பெண்மணி தம் தோழி எலன் மரேயுடன் சேர்ந்து விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய பென் மையம். எழுத்தறிவு கொடுப்பதே குற்றமாக இருந்த மண்ணில் பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். ஷார்லட் ஃபோர்ட்டன் என்னும் கறுப்பின ஆசிரியை வடபுலத்திலிருந்து வந்து அங்கே கற்பித்தார். தொடக்க காலத்தில் அருகில் இருந்த செங்கல் தேவாலயத்தில் வகுப்புகள் நடந்தன. 1855இல் அடிமைகளின் கைகளால் கட்டப்பட்ட அத்தேவாலயத்தில் முதலாளிகள் கீழே அமர, அவர்கள் மாடத்தில் நிற்க வேண்டியிருந்தது. முதலாளிகள் ஓடிய பிறகு கூடம் முழுவதும் அவர்களுடையதானது. லாரா டவுன் 1901இல் இறக்கும் வரை தீவை விட்டுப் போகவில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வந்து முப்பது ஆண்டாகத் தங்கிவிட்ட நம்மில் சிலருக்கு அந்த மனநிலை ஓரளவு புரியக்கூடும்.

பென் வளாகத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவரது இயக்கத்தினரும் இங்கே பல முறை கூடித் திட்டமிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ்த் தங்கிப் பேசுவதற்குத் தென்மாநிலங்களில் அன்று இருந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. அவர் தங்கிய சிறு குடில் இன்றும் நிற்கிறது. அதே கிங் 1959இல் தம் மனைவியுடன் இந்தியாவில் ஒரு மாதம் பயணம் செய்தபோது சென்னைக்கும், திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமத்துக்கும், கன்னியாகுமரிக்கும் போயிருந்தார். நம் வகுப்புகளில் காந்தியையும் சொல்கிறோம், கிங்கையும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே சின்னாளப்பட்டிப் பக்கத்து ஒரு வளாகமும் உப்பங்கழி ஓரத்து ஒரு குடிலும் இருப்பதை இதுவரை எந்தத் தமிழ்ப் பள்ளியிலும் நான் கேட்டதில்லை.

தீவின் மக்கள் குல்லா என்று அழைக்கப்படுகிறார்கள். ஜார்ஜியக் கரையில் கீச்சி என்ற பெயரும் உண்டு. நெல் வேளாண்மை அறிந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கடத்தி வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். நெல் தெரிந்தவர்கள் என்பதற்காகவே கரோலினா முதலாளிகள் அவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். சதுப்பு நிலத்தில் வரப்பு எழுப்பி, கடலேற்றத்தில் பொங்கும் நன்னீரை மதகு வழியாக உள்ளே விட்டு, வடியும்போது வெளியே விடும் பாசனம் அவர்களுடைய அறிவும் உழைப்பும் சேர்ந்தது. அவர்கள் சோற்றுக்காரர்கள். தக்காளி சேர்த்துச் சிவக்கச் சமைக்கும் சோறு, காராமணி போட்ட சோறு, வெண்டைக்காய்க் குழம்பு, இறால் ஆகியவை அவர்களுடைய சாப்பாடு. பன்றி இறைச்சி பலவற்றில் சேரும், ஆகையால் சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அவர்களது பேச்சை நெடுங்காலம் உடைந்த ஆங்கிலம் என்று ஏளனம் செய்து, பள்ளியிலேயே அடக்கினார்கள். லோரன்சோ டவ் டர்னர் என்னும் கறுப்பின மொழியியலாளர் பல ஆண்டுகள் தீவுகளில் கேட்டுப் பதிந்து, 1949இல் வெளியிட்ட ஆய்வில், அதில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் உயிரோடு இருப்பதைக் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை "கூடைப் பெயர்கள்". பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டுக்குள் கூப்பிட வேறொரு பெயர். வீட்டில் குஞ்சு என்றும் பள்ளியில் காயத்ரி என்றும் அழைக்கப்படும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 2005இல் புதிய ஏற்பாடு முழுவதும் குல்லா மொழியில் வெளிவந்தது. வழிகாட்டி அதிலிருந்து சில வரிகள் வாசித்தபோது, இது இலக்கணம் தப்பிய ஆங்கிலம் என்று எங்கள் குழுவில் ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். வட்டாரத் தமிழைக் கொச்சை என்று சொல்லித் திருத்தும் அதே குரல்தான் அது, வேறில்லை.

கூடை முடையும் ஒரு முதியவரிடம் என் தாயார் நின்ற இடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நாணலைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த, அகன்ற, ஆழமில்லாத வட்டக் கூடை ஒன்று அங்கே இருந்தது. குத்திய நெல்லை அதில் போட்டுத் தூக்கிப் போட்டு உமியைக் காற்றில் விடுவார்கள். என் தாயார் கீழத்தஞ்சைக்காரர், எழுபத்துநான்கு வயது. ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதைக் கையில் வாங்கி மணிக்கட்டால் இரண்டு முறை புடைத்துக் காட்டினார். பிறகு, நம் முறத்துக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும், இது சுற்றிலும் மூடியிருக்கிறது, ஆனால் வேலை அதே வேலைதான் என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார். அவர் சிரித்துத் தலையாட்டினார். அருங்காட்சியகத்துப் பழைய படம் ஒன்றில் இரு பெண்கள் மர உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு என் தாயார் அங்கிருந்து நகரவே இல்லை.

மாலையில் ஆற்றங்கரை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது, வழிகாட்டி சொன்ன தண்டனைகளைப் பற்றி மறுபடி கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "சவுக்கடியும் சாணிப்பாலும் நம்ம பக்கத்துலயும் உண்டு. எங்க தாத்தா வீட்டுப் பண்ணையிலயும்தான்" என்றார். அதற்கு முன் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வளர்ந்ததெல்லாம் பண்ணையாட்கள் நம் வீட்டு மனிதர்கள் போல இருந்தார்கள் என்ற கதையைக் கேட்டுக்கொண்டுதான். அந்த மாளிகையின் "வேலையாட்கள்" என்ற ஒற்றைச் சொல் பதில் எனக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் உறுத்தியது என்று அன்றுதான் தெரிந்தது.

ஊரின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று நான் சொல்வதற்குக் கடந்த காலம் மட்டும் காரணம் அன்று. விடுதலை பெற்றவர்கள் வரி ஏலங்களில் பத்து ஏக்கர் அளவிலான துண்டுகளாக வாங்கிய நிலத்தில் அவர்களது கொள்ளுப்பேரர்கள் இன்றும் வாழ்கிறார்கள். வழக்கறிஞரை நம்ப முடியாத காலத்தில் உயில் எழுதாமல் பாட்டன்மார் இறந்துபோனதால், அந்நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. நம்மூர்க் கூட்டுப்பட்டா போலத்தான்; நியூயார்க்கிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ இருக்கும் முகம் தெரியாத ஒரு பங்காளியின் பங்கை வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்த நிறுவனங்கள் கடலோரம் நெடுக உண்டு. இதைக் கட்டுப்படுத்தத் தென் கரோலினாவில் 2016இல்தான் சட்டம் வந்தது. ஹில்டன் ஹெட்டில் 1862இலேயே விடுதலை பெற்றவர்கள் தாமே ஆண்டுகொண்ட மிட்செல்வில் என்னும் ஊர் இருந்தது. இன்று அந்தத் தீவில் வாயிற்காவல் போட்ட குடியிருப்புகள், கோல்ஃப் புல்வெளிகள். அவற்றில் சில தம் பெயரிலேயே "பண்ணை" என்று பெருமையாகச் சூடிக்கொண்டிருக்கின்றன. செயின்ட் ஹெலினா அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக 1999இல் மாவட்ட நிர்வாகம் கோல்ஃப் மைதானங்களையும் விடுதி வளாகங்களையும் வாயிலடைத்த குடியிருப்புகளையும் அங்கே தடை செய்தது. அந்தத் தடையைத் தளர்த்தக் கேட்பவர்கள் ஓய்ந்துவிடவில்லை. நாம் செலவிடும் பணம் பாலத்துக்கு இந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்பது அங்கிருப்பவர்களுக்கு ஒரு பொருட்டு.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். பயணத்தை ஜூலையில் வைக்காதீர்கள். வெக்கையும், கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கும் பூச்சியும் முதியவர்களை வாட்டிவிடும். மார்ச், ஏப்ரல் நன்று. மே மாத இறுதியில் ஊரில் குல்லா விழாவும், நவம்பரில் பென் மையத்தில் மரபு நாள்களும் நடக்கும். அந்த வார இறுதிகளில் அறைகளை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் தேசியப் பூங்கா அலுவலகத்தில் தொடங்குங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்கென்று நாட்டில் உள்ள ஒரே தேசிய வரலாற்றுப் பூங்கா இது. 2017 ஜனவரியில் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2019இல் பூங்காவாக உயர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. குதிரை வண்டிச் சவாரி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவதாக இருக்கட்டும். தீவுக்கு வழிகாட்டியாகக் குல்லா மக்களில் ஒருவரையே அமர்த்துங்கள், அவர் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாதீர்கள். கட்டுச்சோற்றைக் காலையோடு நிறுத்திக்கொண்டு, மதியம் தீவில் உள்ள கடையில் சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. போய்வந்த பிறகு "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ, ஊரில் உங்கள் வயலில் நாற்று நட்டது யார், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், உங்கள் கொல்லைப்புறம் வரைதான் வந்தார்களா, உள்ளே வந்தார்களா என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள். நட்டவர்களே எங்கள் பாட்டிதான் என்று எழுதி வரும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

மார்ச் மாத இறுதிச் சனிக்கிழமைகளில் ஒன்று உங்களுக்குத் தோதுப்பட்டால் முன்னேற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய பேருந்து பிரின்ஸ் தெருவில் திரும்பாது. ஆற்றங்கரைப் பூங்காவில் இறக்கிவிட்டு நடக்க வேண்டும், முதியவர்களுக்கு இரண்டு சிறிய வண்டிகள் தேவைப்படும். ஒன்றை நான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஒருவர்